மரம் நிமிர்ந்த பிறகு

பின்னால் குதிரைகளின் குளம்பொலி நெருங்குகிறது. முன்னால் ஆறு. கரையில் நின்ற பெரிய மரம் மெல்லச் சாய்ந்து, தலையை அக்கரையில் கொண்டுபோய் வைக்கிறது. சென்னா தேவியின் அழகே வினையாகி, தெலுங்கு தேசத்தை விட்டு ஓடிவந்த கூட்டம் அதன்மேல் ஏறிக் கடக்கிறது. எல்லோரும் இறங்கியதும் மரம் பழையபடி நிமிர்ந்துவிடுகிறது.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) நாவலில் எனக்கு மிகப் பிடித்த காட்சி இது. முதல்முறை படித்தபோது தப்பித்துவிட்டார்கள் என்ற நிம்மதிதான் இருந்தது. மறைமலை நகருக்குக் குடிவந்து சில வருடம் கழித்து மறுபடி படித்தபோது அந்த நிமிர்தல் உறைத்தது. துரத்தியவர்களுக்கு மட்டுமல்ல, தப்பியவர்களுக்கும் இனி அந்த வழி இல்லை.

நாவலில் இந்தக் கதையைச் சொல்பவள் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள். தமிழ் நாவலில் பழைய காலம் பெரும்பாலும் இப்படித்தான் திரும்பி வருகிறது: சொல்ல ஒரு வாய், கேட்கச் சில காதுகள். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் (1966) தாமோதர ஆசானைச் சுற்றி இளவட்டங்கள் உட்கார்ந்தால்தான், தூர்ந்துபோன புளிக்குளத்தில் மறுபடி தண்ணீர் நிற்கிறது. காற்றாடி மரத் தோப்பு அழிந்து பூங்காவான கதையைச் சொல்லும் பொறுப்போ, கேட்டவன் தலையில் விழுகிறது. அந்தக் கைமாற்றம் ஒன்றுக்காகவே அதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) வேறு ரகம். இரண்டாம் உலகப் போர்க்கால மெடானிலும் பினாங்கிலும் அலையும் பாண்டியனுக்கு, மதுரையும் சின்னமங்கலமும் தெருத் தெருவாக மனசுக்குள் ஓடுகின்றன. உடன் குடிக்க நண்பர்கள் உண்டு. அந்தத் தெருக்களை மட்டும் அவன் தனியாகவே நடந்து தீர்க்கிறான். சிங்காரமே இளவயதில் மெடானுக்குப் பிழைக்கப் போனவர். தேநீரில் நனைத்த கேக் துண்டின் ருசியில் பால்யத்தை மீட்ட பிரெஞ்சுக்காரர் மார்சல் புரூஸ்டுக்கு நம்மில் நெருங்கியவர் அவர்தான். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) நாவலையும் இந்த வரிசையில் வைக்கலாம் என்பார்கள். என் கணக்கில் அது ஏக்கத்தின் நாவல் அல்ல, அச்சத்தின் நாவல்.

பழந்தமிழின் மேல் கொண்ட தீராத பற்றால் தன் பெயரையே மாற்றிக்கொண்டவர் மறைமலையடிகள். அவர் பெயரைத் தாங்கிய எங்கள் ஊரோ, மனை பிரித்துத் திட்டமிட்டு எழுப்பிய புது ஊர். "சொந்த ஊர் எது?" என்றால் இங்கே பெரும்பாலானவர்கள் வேறொரு பெயரைச் சொல்வார்கள். பொங்கலுக்கு முந்தின இரவுகளில் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே ஊர்ந்துபோகும் பேருந்துகளைப் பார்த்தால் அது புரியும்.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, ஒரு சாயங்காலம் மரம் சாயும் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"மரம் மறுபடி சாயவே இல்லையாய்யா?"

"இல்லம்மா."

உருவிய காம்புகளை முறத்தின் ஓரம் ஒதுக்கிவிட்டு, தன் ஊர் ஓடையில் வெள்ளம் வந்த வருடத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.