புளிப்பு பிடித்தால் ரீஸ்லிங் பிடிபடும்

மோஸல் ஒயின் பாட்டில் ஒன்று கையில் கிடைத்தால், முன்பக்கத்துக் கோட்டைப் படத்தையும் கொக்கி வைத்த ஜெர்மன் எழுத்துகளையும் முதலில் விட்டுவிடுங்கள். பாட்டிலைத் திருப்பி, ஓரத்தில் எறும்பு ஊர்ந்ததுபோல் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தேடுங்கள். 8% என்றிருக்கும், இல்லையென்றால் 12% என்றிருக்கும். அது ஆல்கஹால் அளவு. உள்ளே இருப்பது இனிக்குமா இனிக்காதா என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும்.

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு விருந்து கெட வேண்டியிருந்தது. ட்ரியர் நகரத்துக்கு வேலைக்குப் போன புதிதில், உடன் வேலை பார்ப்பவர் வீட்டுச் சாப்பாட்டுக்கு வெள்ளை ஒயின் வாங்கிப் போனேன். வெள்ளை ஒயின் என்றாலே இனிக்காது என்பது என் அரைகுறை ஞானம். கடையில் விலை அதிகமாக இருந்ததைப் பார்த்து எடுத்தேன். ஆவுஸ்லேசே என்று எழுதியிருந்தது. வெண்ணெயில் பொரித்த மீனோடு அதை ஊற்றிக் கொடுத்தார்கள். எல்லாரும் மரியாதைக்கு ஒரு வாய் பருகிவிட்டுத் தண்ணீர் கிளாசை எடுத்துக்கொண்டார்கள். மீன்குழம்புச் சாப்பாட்டுக்கு நடுவில் பாதாம் அல்வாவைப் பரிமாறிய மாதிரி ஆகிவிட்டது. ஒயினில் ஒரு குறையும் இல்லை. வாங்கியவனுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

கணக்கு இதுதான். திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை கரைந்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். ஒரு தோட்டத்துச் சாற்றை முழுக்க நொதிக்கவிட்டால் பத்தரை சதவீதம் வரும் என்று வைத்துக்கொள்வோம். பாட்டிலில் 8 என்று போட்டிருக்கிறதே, மீதி இரண்டரை சதவீதத்துக்கான சர்க்கரை எங்கே? எங்கும் போகவில்லை. லிட்டருக்கு நாற்பது கிராமுக்கு மேல் அப்படியே ஒயினில் இருக்கிறது. சாற்றைக் குளிரவைத்து, ஈஸ்டின் வேலையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஆகவே 7, 8, 9 என்றால் இனிக்கும். 10, 11 என்றால் இலேசாக இனிக்கும். 12-ஐத் தொட்டால் பெரும்பாலும் இனிப்பு இருக்காது. மோஸல் ரீஸ்லிங்குக்குச் சரியாக வரும் கணக்கு இது. வெயில் கொளுத்தும் நாட்டு ஒயினுக்கெல்லாம் இதைப் போட்டுப் பார்க்காதீர்கள்.

ரீஸ்லிங் என்பது திராட்சையின் பெயர். ‘ரைஸ்லிங்’ என்று சொன்னால் கடைக்காரருக்குப் புரியும், ஆனால் சிரிப்பார். மோஸல் என்பது ஆறு. ட்ரியரைத் தாண்டி, மலைக்கு மலை மோதித் திரும்பி, பாம்பு நெளிவதுபோல் போய்க் கோப்லென்ஸில் ரைன் நதியில் கலக்கிறது. உலகத்தில் எத்தனையோ வெள்ளை ஒயின் இருக்க, ரசிக்கப் பழகுகிறவருக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம் புளிப்பு.

நாற்பது கிராம் சர்க்கரை என்றதும் சர்பத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்ல வத்தக்குழம்பு வைப்பவர்கள் இறக்கும் நேரத்தில் நெல்லிக்காய் அளவு வெல்லம் போடுவார்கள். சாப்பிடுகிறவருக்கு வெல்லம் தெரியாது, புளியின் முரட்டுத்தனம் அடங்கியிருப்பது மட்டும் தெரியும். மோஸல் ரீஸ்லிங்கில் சர்க்கரை செய்வது அதே வேலை. உவமைக்காகச் சொல்லவில்லை. நம் புளியில் முதன்மையாக இருப்பது டார்டாரிக் அமிலம். பழங்களில் அது அதிகமாக இருப்பவை மிகச் சிலவே, திராட்சை அவற்றில் ஒன்று. ஐரோப்பியர் ஒருவர் ஒயினின் புளிப்பைப் பிரித்தறியப் பாடம் படிக்க வேண்டியிருக்கலாம். அதே அமிலத்தைக் குழந்தைப் பருவத்திலிருந்து ரசம் ரசமாக ஊற்றிச் சாப்பிட்ட நாக்கு நம்முடையது.

சில பாட்டில்களின் அடியிலோ கார்க்கிலோ கண்ணாடிச் சில்லு மாதிரி துகள் ஒட்டியிருக்கும். பயந்து கொட்டிவிட வேண்டாம். அந்த அமிலத்தின் உப்புதான் குளிரில் படிகமாகியிருக்கிறது.

இன்னொரு அமிலமும் உண்டு. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல் கூசுகிறதே, அந்த மாலிக் அமிலம். பிரான்ஸின் பர்கண்டியில் ஷார்டனே ஒயின் செய்பவர்கள், பாக்டீரியாவை விட்டு இதை லாக்டிக் அமிலமாக, அதாவது தயிரின் அமிலமாக மாற்றிவிடுவார்கள். அதனால்தான் அந்த ஒயின் வழவழவென்று, சில சமயம் வெண்ணெய் வாசனையோடு இருக்கிறது. மோஸலில் பெரும்பாலும் மாற்றாமல் விடுகிறார்கள். ஆப்பிள் கூர்மை அப்படியே நிற்கிறது. வெள்ளை ஒயின் கடையில் நிற்கும்போது உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இன்று எனக்குத் தயிர்ப்பக்கம் வேண்டுமா, மாங்காய்ப்பக்கம் வேண்டுமா?

புளிப்பை அளந்து பார்க்க நான் கற்றுக்கொண்டது ஒரு வீட்டு முற்றத்தில். மோஸல் கரைக் கிராமங்களில் வாசலில் இலைக்கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தால், அந்த வீட்டில் தங்கள் சொந்த ஒயினை ஊற்றிக் கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். ஆண்டுக்கு நான்கு மாதத்துக்கு மேல் இப்படிக் கடை திறக்கச் சட்டம் இடம் தராது. அங்கே எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா மூன்று கிளாஸ்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரம் ஊற்றினார். மூன்றும் ஒரே தோட்டம், ஒரே ஆண்டு. இனிப்பில்லாதது, அரை இனிப்பு, இனிப்பு.

முதலில் நிறம் பார்த்தேன். எலுமிச்சைச் சாற்றில் ஒரு சொட்டுப் பச்சை கலந்ததுபோல் இருந்தது. கிளாஸின் உள்சுவரில் கடுகளவுக் குமிழிகள் ஒட்டியிருந்தன. இளம் ஒயினில் தங்கிவிட்ட கரியமில வாயு அது. பிறகு வாசனை. சுழற்றாமல் ஒரு தடவை, சுழற்றி ஒரு தடவை. பீச் பழம், எலுமிச்சைத் தோல், அதற்குப் பின்னால் முதல் மழை விழுந்த கல்லின் மணம். வாயில் வைத்து உடனே விழுங்கிவிட்டேன். அந்த அம்மா தலையை ஆட்டினார். “அவசரப்படாதீங்க தம்பி” என்று நம் ஊர் ஆச்சியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பார். அவர் சொன்ன ஜெர்மனுக்கும் அதுதான் பொருள். இரண்டாவது வாயை நாக்கின்மேல் பரப்பி, நான்கைந்து நொடி வைத்து, விழுங்கியபின் உதட்டைத் திறந்தபடி தலையைக் குனியச் சொன்னார். கன்னத்து உட்புறத்திலிருந்து எச்சில் ஊற்றெடுத்தது. மாவடு ஜாடியைத் திறந்ததும் ஊறுமே, அப்படி.

அந்த ஊறல்தான் அளவுகோல். நாக்கு நுனியில் படும் இனிப்பு ஏமாற்றும். சர்க்கரை மூடி மறைத்தாலும், விழுங்கியபின் எவ்வளவு ஊறுகிறது, எவ்வளவு நேரம் ஊறுகிறது என்பதை மறைக்க முடியாது. மூன்று கிளாஸிலும் ஊறல் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. இனிப்பு மட்டும்தான் வேறு. இனிப்பு மட்டும் இருந்து ஊறல் இல்லாத வெள்ளை ஒயின் கிடைத்தால், என்னைக் கேட்டால், அது சமையலுக்குக்கூட வேண்டாம்.

இனி லேபிள் சொற்கள். காபினெட், ஷ்பேட்லேசே, ஆவுஸ்லேசே என்று ஏறிக்கொண்டே போகும் படிகள், பறிக்கும்போது பழத்தில் இருந்த சர்க்கரையைக் குறிப்பவை. பாட்டிலில் மிஞ்சிய சர்க்கரையை அல்ல. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது. ஷ்பேட்லேசே என்றால் ‘தாமதப் பறிப்பு’. 1775-இல் ரைன்காவ் பகுதியின் யோஹானிஸ்பெர்க் மடத்துக்கு, ஃபுல்டாவிலிருந்து அறுவடை அனுமதிக் கடிதம் கொண்டுவர வேண்டிய குதிரைக்காரர் வாரக்கணக்கில் தாமதமாக வந்தாராம். பழம் கொடியிலேயே அழுகிச் சுருங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பிழிந்த ஒயின் அமிர்தமாக இருந்ததாம். கதையில் எத்தனை மெருகோ, அந்தக் குதிரைக்காரருக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள்.

இந்தப் படிப்பெயரோடு ‘ட்ரோக்கன்’ என்ற சொல்லும் இருந்தால் இனிக்காது. லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது சட்டம். ‘ஹால்ப்ட்ரோக்கன்’ என்றால் 18 கிராம்வரை. ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லுக்குச் சட்ட வரம்பே இல்லை, செய்பவரின் மனசாட்சிதான் வரம்பு. எதுவும் போடாமல் வெறும் காபினெட் என்றிருந்தால் மோஸலில் அது இனிப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வந்தால் பாட்டிலைத் திருப்பி எண்ணைப் பாருங்கள். ஆவுஸ்லேசேக்கு மேலே இன்னும் படிகள் உண்டு. ஐஸ்வைனுக்குப் பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே உறைய வேண்டும். விலையும் உறையவைக்கும்.

ஊர்ப்பெயரில்தான் உண்மையான பொறி. ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஷென்’ என்பது பீஸ்போர்ட் கிராமத்தின் புகழ்பெற்ற சரிவுத் தோட்டம். ‘பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்’ என்பதும் கேட்க அப்படியே இருக்கிறது. ஆனால் அது ஒரு தோட்டமே அல்ல. சுற்றுவட்டாரக் கிராமங்களின் தோட்டங்களையும் சேர்த்து 1971-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த கூட்டுப்பெயர். இரண்டுக்கும் சுவையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். இதை மனப்பாடம் செய்ய முடியாது என்பவர்கள், பாட்டில் கழுத்தில் திராட்சைக்குலை தாங்கிய கழுகு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 1910-இல் தொடங்கிய தோட்டக்காரர் சங்கத்தின் அடையாளம் அது. அது இல்லாத நல்ல ஒயினும் ஏராளம், புதிதாக வாங்குபவருக்கு ஒரு கைப்பிடி வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன்.

தோட்டங்களை நேரில் பார்த்தால் பெயர்கள் தானாக மனசில் நிற்கும். வட அட்சரேகை 50 டிகிரியை ஒட்டிய இடம் இது. சமதரையில் ரீஸ்லிங் பழுக்கத் திணறும். அதனால் ஆற்றைப் பார்த்த தெற்குச் சரிவுகளில், ஏணி வைத்தாற்போன்ற உயரத்தில் கொடி நட்டிருக்கிறார்கள். ப்ரெம் ஊருக்கு அருகே கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி. காலுக்குக் கீழே மண் இல்லை, சிலேட்டு. நாம் அ, ஆ எழுதிப் பழகிய அதே கல், தகடு தகடாக உடைந்து கிடக்கிறது. பகல் வெயிலை உறிஞ்சி இரவில் கொடிக்கு விடுகிறது. சிலேட்டின் சுவை ஒயினில் வருகிறது என்று உருகுவார்கள். வேர் கல்லை உறிஞ்சிக் கிளாசுக்கு அனுப்புவதில்லை. ஆனாலும் அந்த மழைக்கல் வாசனை மூக்கில் ஏறும்போது நானும் சிலேட்டு என்றுதான் சொல்கிறேன்.

வேலென் கிராமத்துச் சரிவில் 1842-இல் பாறையில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார்கள், கொடிகளுக்கிடையே வேலை செய்பவர்கள் நேரம் பார்க்க. ‘வேலெனர் ஸோனனூர்’, வேலென் சூரியக் கடிகாரம், என்று தோட்டத்துக்கே பெயராகிவிட்டது. நிழற்கடிகாரம் நாள் முழுக்க ஓடும் இடத்தில்தான் திராட்சையும் நன்றாகப் பழுக்கும்.

வயதான ரீஸ்லிங் கிடைத்தால் ஒரு எச்சரிக்கை. மண்ணெண்ணெய் வாடை வரும். ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல அது. வெயில் பட்ட பழத்தின் சில பொருள்கள் பாட்டிலுக்குள் மெல்ல மாறி உண்டாகும் டி.டி.என். என்ற சேர்மத்தின் மணம். இலேசாக இருந்தால் பிரியர்கள் தேடி வாங்குவார்கள். எனக்கு ஒரு கீற்று போதும், அதற்குமேல் ஸ்டவ் பற்றவைக்கும் ஞாபகம் வந்துவிடுகிறது.

பரிமாறும்போது 8 முதல் 10 டிகிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் வெளியே வைத்தால் சரியாக வரும். ஐஸ் போடாதீர்கள். உணவைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி சொல்வேன்: காரத்துக்கு ஆல்கஹால் ஆகாது. மிளகாய் எரிச்சலை அது ஊதிவிடும். காரசாரமான நண்டு வறுவலுக்கு 13 சதவீத ஒயினை வைத்தால் இரண்டும் வாயில் சண்டை போடும். 8 சதவீதக் காபினெட் அங்கே சமாதானம் செய்யும். இனிப்பு எரிச்சலை அணைக்கும், புளிப்பு எண்ணெயை அறுக்கும். ட்ரோக்கனை இலேசான உப்பு மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஆளாக ஒரு பாட்டிலை முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. புளிப்பு அதிகமாக இருப்பதால், மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். முதல் நாள் பீச் வாசனை முன்னால் நிற்கும். இரண்டாம் நாள் அது ஒதுங்கி எலுமிச்சைத் தோல் வரும். மூன்றாம் நாள் குமிழியெல்லாம் போயிருக்கும், இனிப்பு ஒரு படி இறங்கினதுபோல் தோன்றும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதில் இரண்டு விரல் ஊற்றி, ஒரு வாய் வைத்து, விழுங்கி, தலையைக் குனிந்து பாருங்கள். இன்னும் ஊறுகிறதா?