கார்டு ஃபைல் எங்கே?

ஆர்.கே.புரம் என்றதும் டெல்லித் தமிழர்களுக்கு மலை மந்திரும் தமிழ்ச் சங்கமும் நினைவுக்கு வரும். அந்தப் பகுதியின் அன்றாடமோ ஃபைல்களால் ஆனது. ஈஸ்ட் பிளாக், வெஸ்ட் பிளாக், சேவா பவன் என்று மத்திய அரசு அலுவலகங்கள்; சுற்றிலும் ஊழியர்களின் குவார்ட்டர்ஸ். இந்த உலகத்தின் ஃபைல்கள் இரும்பு பீரோக்களை விட்டு மெல்ல மெல்ல இ-ஆபீஸ் திரைக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. உருவாக்கிய இ-ஆபீஸ், 2009 முதல் மத்திய அரசில் படிப்படியாகப் பரவியது. காகித ஃபைலின் உடலமைப்பையே அது எடுத்துக்கொண்டது: ஒரு பக்கம் குறிப்பு, மறுபக்கம் கடிதங்கள். மஞ்சள் குறிப்பு வெறும் வரைவு, திருத்தலாம், அழிக்கலாம். பச்சைக் குறிப்பு ஆகிவிட்டால் அதில் யாரும் கைவைக்க முடியாது. ஃபைல் யாரிடம், எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது உடனே தெரியும். முன்தேதி போட்டுக் கையெழுத்திடும் பழைய தந்திரத்துக்கு இங்கே இடமில்லை.

இதைச் சின்ன லாபம் என்று ஒதுக்க முடியாது. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டு விசாரணைக்கு வேண்டிய ஃபைல்களையே காணவில்லை என்று 2013-இல் நாடாளுமன்றம் கொந்தளித்தது நினைவிருக்கும். 2020 ஜூனில் கொரோனாவுக்கு நடுவே மறைமுக வரி, சுங்க வாரியம் 500-க்கும் மேற்பட்ட அலுவலகங்களில் இ-ஆபீஸைத் தொடங்கியது. பொதுமுடக்கக் காலத்தில் பல துறைகளின் வேலை நின்றுபோகாமல் இருந்ததற்கு இந்த மென்பொருளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஃபைல் நகர்வது வேறு, அலுவலகத்துக்கு விஷயம் தெரிந்திருப்பது வேறு. டீலிங் ஹேண்ட், செக்ஷன் ஆபீசர், அண்டர் செக்ரட்டரி என்று ஏறும் ஏணியை மென்பொருள் அப்படியே படம்பிடித்துக்கொண்டது. ஒரு படியைக்கூட அது தானாகக் குறைக்கவில்லை. ஃபைல் நான்கு மட்டங்களுக்கு மேல் ஏறக் கூடாது என்று 2021-இல் நிர்வாகச் சீர்திருத்தத் துறை முடிவெடுத்த பிறகுதான் அந்த ஏணி குட்டையாகத் தொடங்கியது. அது மனிதர்கள் உட்கார்ந்து எடுத்த முடிவு.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. மத்தியச் செயலகத்தின் அலுவலக நடைமுறைக் கையேடு நெடுங்காலமாக ‘ஸ்டாண்டிங் கார்டு ஃபைல்’ (standing guard file) என்ற ஒன்றை வைத்திருக்கச் சொல்கிறது. ஒரு பொருள் பற்றிய கொள்கைகளின் தொடர் சுருக்கம், ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடர்புடைய முடிவின் எண், தேதி, அந்த ஆணைகளின் நகல்கள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும். முன்னுதாரணப் பதிவேடும் உண்டு. புதிதாக வருபவர் இவற்றைப் படித்தாலே அந்த செக்ஷனின் முப்பது வருட நினைவு கைக்கு வந்துவிடும். இதை எந்தத் தானியங்கியும் எழுதித் தராது. ஒருவர் யோசித்துத்தான் எழுத வேண்டும். இ-ஆபீஸில் அறிவு மேலாண்மைக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஆணைகளை அதில் ஏற்றி வைக்கலாம். அந்த ஆணை ஏன் பிறந்தது என்பதை யார் ஏற்றுவது?

‘ஏன்’ என்பதன் விலை தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். காவிரியில் 1892, 1924 ஒப்பந்தங்களின் வாசகங்களை முன்வைத்து 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை வாதாட வேண்டியிருந்தது. நதிநீரின் கணக்கு வழக்குகளைக் கையாளும் மத்திய நீர் ஆணையம் இருப்பது இதே ஆர்.கே.புரத்தின் சேவா பவனில்தான். இன்று எழுதும் குறிப்பும் நூறு வருடம் கழித்து யாருக்காவது தேவைப்படலாம். அப்போது, ஸ்கேன் செய்து படமாக மட்டும் ஏற்றப்பட்ட பழைய தாளில் எந்தச் சொல்லைத் தேடினாலும் கிடைக்காது. பொருள் தலைப்பில் ‘இதர விஷயங்கள்’ என்று எழுதிய ஃபைலும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் பேசி முடித்துவிட்டு ‘விவாதித்தபடி’ என்று ஒற்றை வரியில் பச்சைக் குறிப்பு போட்டால், காரணம் கைப்பேசியோடு போய்விடும்.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. ஃபைலை மூடும்போது முடிவின் காரணத்தை அரைப் பக்கம் எழுதி, முந்தைய ஃபைலோடு இணைத்த பிறகே மூட முடியும் என்று மென்பொருளில் ஒரு நிபந்தனை வைக்கலாம். அந்த அரைப் பக்கங்கள் சேரச் சேர கார்டு ஃபைல் தானே வளரும். அரசு ஊழியர்கள் மாதத்தின் கடைசி நாளில்தான் ஓய்வு பெறுகிறார்கள். அன்று அவர்களிடமிருக்கும் ஃபைல்களை அடுத்தவர் பெயருக்கு மாற்றச் சில நிமிடங்கள் போதும். அவர்களின் நினைவும் கைமாற வேண்டுமென்றால், ஒப்படைக்க வேண்டியவற்றின் பட்டியலில் கார்டு ஃபைல் முதல் வரியாக இருக்கட்டும்.