பொது நேரத்தின் மறைவு: ஜொகூர் இளையோரும் தமிழ் ஒளிபரப்பும்

இளையோர் தொலைக்காட்சி ஒளிபரப்பை விட்டு விலகுவது இன்று உலகெங்கும் காணப்படும் போக்காகும். பிரிட்டனின் ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காமின் கணக்கின்படி, 16 முதல் 24 வயதுக்குட்பட்டோருள் சராசரி வாரமொன்றில் ஒளிபரப்பைக் கண்டோர் 2018இல் 76 விழுக்காட்டினர். 2023இல் 48 விழுக்காட்டினரே. இவ்விலகலைத் தமிழார்வத்தின் தேய்வாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அக்கருத்து மறுஆய்வுக்குரியது என்பதை ஜொகூரை முன்வைத்து விளக்க முற்படுகிறோம்.

மலேசியத் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் தொடங்கியது. அதன் வரலாற்றில் தென் ஜொகூருக்குத் தனியிடம் உண்டு. ஆர்.டி.எம்.மின் தமிழ்ச் செய்தியும் நீரிணைக்கு அப்பாலிருந்து வந்த சிங்கப்பூர்த் தமிழ் நிகழ்ச்சிகளும் அங்கு ஒரே வீட்டில் கிடைத்தன. 1996இல் ஆஸ்ட்ரோவின் வருகையோடு வானவில் சேர்ந்தது. 2008 அக்டோபரில் வசந்தம் தனிச் சேவையாயிற்று. மலேசியர் 'அலைவரிசை' என்பதைச் சிங்கப்பூரர் 'ஒளிவழி' என்பர். இவ்விரு சொல்வழக்குகளையும் முயற்சியின்றியே கேட்டு வளரும் வாய்ப்பு ஜொகூர் பாருவின் பிள்ளைகளுக்கு இருந்தது.

'முயற்சியின்றி' என்பதே இங்கு நோக்கத்தக்கது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் வெளியிட்ட தமது நூலில், தனித்தனி நிகழ்ச்சிகளைக் காட்டிலும் அவை இடையறாது கோக்கப்பட்ட 'ஓட்டமே' தொலைக்காட்சியின் இயல்பு என்றார். படத்திற்காகக் காத்திருப்பவர் இடையே செய்தியையும் கேட்டாக வேண்டும். தமிழ் இரட்டை வழக்கு மொழி. வீட்டில் புழங்குவது பேச்சுத்தமிழ். மலேசியச் சூழலில் அதனோடு மலாயும் ஆங்கிலமும் கலக்கின்றன. எழுத்துத்தமிழின் ஓசையைப் பள்ளிக்கு வெளியே நாள்தோறும் கூடத்திற்குக் கொணர்ந்தவற்றுள் செய்தியறிக்கை முதன்மையானது எனலாம்.

எனினும், பழைய ஒளிபரப்பைப் பொற்காலமாகப் போற்றுவதற்கில்லை. அரசுத் தொலைக்காட்சி தமிழுக்கு அளித்த நேரம் குறுகியது. துணைக்கோள் ஒளிபரப்பில் சென்னைத் தொடர்களும் திரைப்படங்களும் பேரிடம் பெற்றன. உள்ளூர் இளையோர் தம் வாழ்வைத் திரையில் கண்டது அரிது. சிங்கப்பூர் 2019இன் தொடக்கத்திலும் மலேசியா அதே ஆண்டு அக்டோபர் இறுதியிலும் பழைய அலைமுறை ஒளிபரப்பை நிறுத்தின. புதிய கருவி பொருத்தாத பழைய பெட்டிகளில் இவ்வொளிபரப்புகள் நின்றுபோயின. அதற்கு முன்பே, 2016 ஜனவரியில் நெட்ஃபிலிக்ஸ் மலேசியாவிற்கு வந்துவிட்டது. யூடியூப் அதற்கும் முந்தியது.

ஆகவே, இளையோர் தமிழைத் துறந்தனர் என்பது பொருந்தாது. பாடலும் நகைச்சுவையும் திரைப்படமும் அவர்தம் கைத்தொலைபேசியில் மிகுதியாகவே கிடைக்கின்றன. குறைந்திருப்பது அவர்கள் செவியுறும் தமிழின் வகைமை. தாமே தேர்ந்து காணும் திரையில் விரும்பிய தமிழ் மட்டுமே வரும். விரும்பாத செய்தித்தமிழ் வர வழியில்லை. ஆர்.டி.எம். கிளிக், மீவாட்ச் ஆகிய இணையத் தளங்களில் நிகழ்ச்சிகள் சேமிக்கப்படுவது பயனுடையதே. ஆயினும், தேடிச் செல்வோர்க்கே அவை பயன்படும். தேடாதவரையும் கேட்கச் செய்த பழைய ஓட்டத்தை அவை மீட்டுத் தருவதில்லை.

வீட்டுக்கூடம் இழந்த இப்பணியை இனி வகுப்பறையே ஏற்க வேண்டும் எனக் கருதுகிறோம். வாரந்தோறும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகள் ஒவ்வொன்றை மாணவர் கேட்டு, சொல்லாட்சியை ஒப்பிட்டு, தம் சொற்களில் எடுத்துரைக்கும் பயிற்சி கேட்டல், பேச்சுத் திறன்களுக்கு ஒருங்கே உதவும். இரு நாட்டுத் தமிழையும் அருகிருந்து கேட்கும் ஜொகூர்ப் பள்ளிகள் இதனைத் தொடங்குதற்கு ஏற்றவை.