கடனைத் தணிக்கை செய்தவர்: ஜே.சி. குமரப்பாவின் நிதியியல் எழுத்துகள்

மதுரையை அடுத்த டி.கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தவர் ஜே.சி. குமரப்பா. தமிழ்ச் சமூகம் அவரைச் செக்கு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் ஆகியவற்றோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறது. இந்தச் சித்திரம் பொய்யன்று, ஆனால் முழுமையற்றது. அவர் முறையாகப் பயின்ற துறை பொது நிதியியல். ஒரு நாட்டின் பெயரால் வாங்கப்பட்ட கடனை அந்நாட்டு மக்கள் ஏன் அடைக்க வேண்டும் என்னும் வினாவே அவருடைய ஆய்வு வாழ்வின் அடித்தளம். அந்த எழுத்துகளையே நாம் இங்கு மதிப்பிட முனைகிறோம்.

1892இல் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த குமரப்பா, லண்டனில் கணக்காளராகத் தேர்ந்து, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரியியல் அறிஞர் எட்வின் செலிக்மனிடம் பயின்றார். இந்தியாவின் பொது நிதிக்கும் அதன் வறுமைக்கும் உள்ள தொடர்பே அவர் ஆய்வுப்பொருள். 1929இல் நாடு திரும்பிக் காந்தியைச் சந்தித்தார். ஆய்வு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்து, 1930இல் நூலாயிற்று. ஓர் அரசின் நோக்கத்தை அதன் பிரகடனங்களில் தேடாமல் வரவுசெலவுக் கணக்கில் தேடுவது இந்நூலின் முறை. படைக்கும் கடன் வட்டிக்கும் எவ்வளவு போகிறது, வரி செலுத்தியவனுக்கு எவ்வளவு திரும்புகிறது என்று அவர் வரிவரியாகக் கேட்டார்.

1931இல் காங்கிரஸ் நியமித்த நிதிப் பொறுப்பு ஆய்வுக் குழுவில் இம்முறை முழு வலிமை பெற்றது. பகதூர்ஜி, புலாபாய் தேசாய், கே.டி. ஷா ஆகியோருடன் குமரப்பா அதன் அமைப்பாளராகப் பணியாற்றினார். கம்பெனி நடத்திய போர்களின் செலவு, 1857 எழுச்சியை ஒடுக்கிய செலவு, முதல் உலகப் போருக்கு இந்தியா ‘அன்பளித்த’ 10 கோடி பவுண்டு என ஒவ்வொன்றும் யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும் என அக்குழு ஆராய்ந்தது. கம்பெனியின் ஆட்சி முடிந்த பின்னும் அதன் பங்குதாரர்களுக்கு 1874 வரை ஆண்டுக்கு 10½ விழுக்காடு ஈவு இந்திய வருவாயிலிருந்தே சென்றது. ஆள்பவன் தன்னை விற்றுக்கொண்ட விலையை ஆளப்பட்டவன் செலுத்திய விந்தை இது.

ரயில்வே உத்தரவாதமும் இவ்வகையினதே. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் லண்டன் முதலீட்டாளருக்கு 5 விழுக்காடு உறுதி; குறைந்ததை இந்திய வரி ஈடுசெய்தது. முதல் போடுபவன் நட்டத்திலும் பங்கேற்க வேண்டும் என்னும் முளாரபா நெறியை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் அநீதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. மதுரைச் சமவெளியின் வரலாற்றையே சான்றாகக் கொள்ளலாம். 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் சூறையாடியது. பெரியாற்று நீர் வைகைக்குத் திருப்பப்பட்டது 1895இல்தான். உத்தரவாத வட்டி பெற்ற இரும்புப் பாதை முதலில் வந்தது. உழவனின் நீர் இருபது ஆண்டுகள் காத்திருந்தது.

‘கிளைவ் முதல் கெய்ன்ஸ் வரை’ (1947) என்னும் ஆங்கில நூல் இவ்விசாரணையை உலக நிதி அரங்கிற்குக் கொண்டுசெல்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இந்தியாவில் வாங்கிய பண்டங்களுக்கு இங்கே ரூபாயில் விலை கொடுக்கப்பட்டது. ஈடாக லண்டனில் ஸ்டெர்லிங் வரவு எழுதப்பட்டது. அந்த வரவைப் பிணையாகக் கொண்டு இங்கே நோட்டுகள் அச்சாயின. பண்டம் குறைந்து பணம் பெருகியது, விலை ஏறியது. 1943இல் வங்கம் பட்டினியில் மடிந்தபோது லண்டனில் இந்தியாவின் ‘செல்வம்’ வளர்ந்துகொண்டிருந்தது. போர் முடிவில் அது ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் ஏ.டி. ஷ்ராப் உள்ளிட்ட இந்தியப் பிரதிநிதிகள் இந்த இருப்பைப் பற்றிப் பேசியபோது, அதைப் புதிய நிதியத்தின் பொறுப்பாக்கக் கெய்ன்ஸ் இசையவில்லை.

கடன் மறுக்கப்படுமோ என்னும் அன்றைய அச்சம் அவ்வாறே நிறைவேறவில்லை என்பதையும் நாம் கூறியாக வேண்டும். ஒப்பந்தங்கள் வழியே தொகை தவணைகளில் விடுவிக்கப்பட்டது. ஆனால் அதில் ஒரு பகுதி பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியப் பொறுப்புக்கும், அவர்கள் விட்டுச்சென்ற படைத்தளவாடங்களுக்கு விலையாகவும் கழிந்தது. குமரப்பாவின் கணிப்பு பிழைத்த இடத்திலும் அவர் கேள்வி பிழைக்கவில்லை.

அவரோடு நாம் முரண்படுமிடம் வேறு. சிறையில் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ (1945) நூலில், தொலைவுச் சந்தையையே அவர் ஐயுறுகிறார். பண்டம் எவ்வாறு உருவானது என்று காணாத நுகர்வோன், அதன் பின்னுள்ள வன்முறைக்கும் உடந்தையாகிறான் என்பது அவர் வாதம். இதன் அறக்கூர்மை மறுக்க முடியாதது. எனினும் மதுரைச் சுங்குடி நெசவாளரின் அடுப்பு தொலைவூர்ச் சந்தையால்தான் எரிந்தது. காயல்பட்டினமும் கீழக்கரையும் கடல்வணிகத்தால் தழைத்தன. வணிகமும் வட்டியும் ஒன்றல்ல என்று பிரித்தறியும் மரபில் நின்று நோக்கினால், தொலைவு குற்றமாகாது. இடர் முழுவதையும் ஒரு தரப்பின் தலையில் சுமத்தும் ஒப்பந்தமே குற்றம். ரயில்வே உத்தரவாதத்தில் இதைத் துல்லியமாகக் கண்ட தணிக்கையாளர், கிராமத்திற்குத் திரும்பியபோது ஒப்பந்தத்தின் குற்றத்தைச் சந்தையின் மீதே ஏற்றிவிட்டார் என்பது நம் கருத்து. நேர்மையான தொலைவணிகத்திற்கு எத்தகைய கடன் ஏற்பாடு வேண்டும் என்னும் வினா அவரிடம் போதிய விடை பெறவில்லை.

ஆயினும் அவர் தராசு ஒருபக்கம் சாய்ந்ததில்லை. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதியைக் கவனித்தபோது, காந்தியின் பரிவாரச் செலவையும் அதிலிருந்து தர மறுத்தவர் அவர். பேரரசுக்கும் தம் தலைவருக்கும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: இப்பணம் யாருடையது, யார் இசைவோடு செலவாகிறது?

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தியபின் நடந்த பேச்சுகளில் எவ்வளவு தள்ளுபடி, எத்தனை ஆண்டு அவகாசம் என்பவையே முன்னின்றன. எந்தக் கடன் மக்களுக்குப் பயன்பட்டது, எது அவர்கள் அறியாமல் அவர்கள் தலையில் ஏறியது என்று இனம்பிரிக்கும் தணிக்கை பின்தள்ளப்பட்டது. அத்தகைய தணிக்கைக்கு 1931ஆம் ஆண்டு அறிக்கை ஒரு முன்மாதிரி. குமரப்பாவின் செக்கையும் பனைவெல்லத்தையும் போற்றுவோர் அந்த அறிக்கையையும் எடுத்துப் படிக்க வேண்டும். நிதியியல் பயிலும் நம் மாணவர்களுக்கோ அது பாடமாகவே வேண்டும்.