வீடு புகுந்த கொள்ளை: தண்டனை போதாதுன்னு யார் கேட்கிறது?

2009-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கிடைத்த பெரிய வெற்றின்னு நானும் நம்பிக்கிட்டிருந்தேன். வீட்டுக் கொள்ளையை வைத்துப் பார்த்தபோதுதான் ஓட்டை தெரிந்தது.

372-ஆம் பிரிவில் (இப்போது பி.என்.எஸ்.எஸ். 413) சேர்த்த அந்த வாசகம் மூன்று காரணங்களுக்குத்தான் அவருக்கு மேல்முறையீடு தருகிறது: விடுதலை, சிறிய குற்றத்துக்கு மட்டும் தண்டித்தது, போதாத இழப்பீடு. தண்டனை குறைந்துபோனது பட்டியலில் இல்லை. அந்த உரிமை அரசுக்குத்தான் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு டெல்லி வழக்கில் சொல்லிவிட்டது. சட்டத்தின் எழுத்துப்படி தீர்ப்பு சரி. என் சண்டை அதை எழுதினவர்களோடு.

ராத்திரி வீடு புகுந்து, கத்தியைக் காட்டி, தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்கிறான். இ.த.ச. 392-ல் (இப்போது பி.என்.எஸ். 309(4)) 10 ஆண்டு வரை போகலாம். ஆனா அதை விசாரிக்கிறது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட். அவரால் தரமுடிந்தது 3 ஆண்டு. (போதாதுன்னு தோன்றினால் தலைமைக் குற்றவியல் நடுவருக்கு அனுப்பலாம்.) கொடிய ஆயுதத்துக்கான 397 (இப்போது பி.என்.எஸ். 311) சேர்ந்தால் செஷன்ஸ் கோர்ட், 7 ஆண்டுக்குக் குறையவே முடியாது. குத்த வேண்டியதில்லை, காட்டி மிரட்டினாலே போதும் என்பது 1975-லேயே வந்த தீர்ப்பு. ஆக, மூன்றா ஏழா என்பது பாதி ஸ்டேஷனிலேயே, குற்றப்பத்திரிகை எழுதும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தம்மா அதே கதவைத்தான் தினமும் தாழ்ப்பாள் போட்டுப் படுக்கணும்.

ஒரு சந்து இருக்கு. 397-க்கும் குற்றச்சாட்டு பதிவாகி, கோர்ட் 392-ல் மட்டும் தண்டித்தால், அது 'சிறிய குற்றம்'. அவரே மேல்முறையீடு போகலாம். அதனால் வக்கீல் குற்றச்சாட்டுப் பதிவு அன்றைக்கே விழித்திருக்கணும். தீர்ப்புக்குப் பிறகு விழித்தால் மிஞ்சுவது சீராய்வு மனு. அது உரிமை இல்லை, உயர் நீதிமன்றம் மனசு வைக்கணும்.

எல்லாத் தண்டனையையும் கூட்டணும்னு நான் சொல்ல வரல. கூட்டக் கேட்டால், குற்றவாளி தன்னை விடுவிக்கச் சொல்லியும் வாதாடலாம். அரசு தயங்குவதில் நியாயம் உண்டு. கேட்கிற வழியாவது இருக்கணும் இல்லையா?

இங்கிலாந்தில் 1988 சட்டப்படி, மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது அட்டர்னி ஜெனரல்தான். ஆனால் கொள்ளை வழக்கில் தண்டனை ரொம்பக் குறைவுன்னு பக்கத்து வீட்டுக்காரர்கூட அவருக்கு எழுதலாம், 28 நாளுக்குள். இங்கே, வீட்டைப் பறிகொடுத்தவர் அரசு வக்கீலிடம் மனு கொடுத்தால் பதில் சொல்லியே ஆகணும்னு 377-லயும் இல்லை, அதோட புது அவதாரமான 418-லயும் இல்லை.