புதுவையின் 99 சதவீதம்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) புதுச்சேரிக்கு 99 மதிப்பெண் போட்டிருக்கிறது. 15 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 99 பேர் மாதவிடாயின்போது சுகாதாரமான முறையைக் கையாள்கிறார்களாம். தமிழ்நாட்டுக்கு 98, பீகாருக்கு 59. இப்படி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊரில் போய் நாப்கினுக்குக் காசில்லாதவர்களைத் தேடுவானேன் என்று ஓர் அதிகாரி கேட்டால், அதில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். எண் பொய்யென்று நான் சொல்லவில்லை. அதை எதற்குச் சான்றாகக் காட்டுகிறோம் என்பதில்தான் வழக்கு.

எண் வந்த வழியைப் பார்ப்போம். என்னென்ன பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பதிலும் சொல்லலாம். கடை நாப்கின், உள்ளூர்த் தயாரிப்பு நாப்கின், டாம்பன், மாதவிடாய்க் கப் ஆகியவற்றில் ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் சுகாதாரக் கணக்கில் சேர்ந்துவிடுவார். கூடவே துணியும் வைப்பேன் என்றாலும் சேர்த்திதான். இந்திய அளவில் 64 சதவீதம் பேர் நாப்கினையும் 50 சதவீதம் பேர் துணியையும் சொல்லியிருக்கிறார்கள். கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. வேலைக்குப் போகும் நாளுக்குப் பேடு, வீட்டில் இருக்கும் நாளுக்குப் பழைய புடவைத் துணி என்று பங்கிட்டுக்கொள்ளும் பெண்ணுக்கும் இங்கே முழு மதிப்பெண் உண்டு. நாளைக்கு எத்தனை பேடு, யார் காசு என்ற கேள்விகளுக்கு விடை இந்த எண்ணில் இல்லை. அதைவிடப் பெரிய ஓட்டை வயது. 24-ஐத் தாண்டியவரிடம் இதைக் கேட்பதே இல்லை. மகள்களுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் துணியைக் கிழித்துக்கொள்ளும் தாய் ஆய்வின் கண்ணில் பட வழியில்லை.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். பிராண்டு பேடு ஒன்று 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றினால் நாளைக்கு 4, ஐந்து நாளைக்கு 20. தாயும் இரண்டு மகள்களும் உள்ள வீட்டுக்கு மாதம் 60 பேடு, 480 ரூபாய். நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டால் 240. புதுவையில் வறுமை இந்த இரண்டு தொகைக்கும் நடுவே குடியிருக்கிறது. காலையில் வைத்ததை இரவு வரை இழுப்பது, கனமாகப் போகும் இரண்டாம் நாளில் பேடுக்கு மேல் ஒரு துணியை மடித்து வைப்பது: இதெல்லாம் ஆய்வின் கணக்கில் 'நாப்கின்' என்ற ஒரே பதில். பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்பவருக்குக் காசு இருந்தாலும், கழிப்பறைக்குப் போனால் கூடையை யார் பார்ப்பது என்ற கேள்வி தனியாக நிற்கிறது.

இலவசத் திட்டங்களும் இதே கணக்கில்தான் சறுக்குகின்றன. தமிழ்நாடு 2012-இல் தொடங்கிய 'புதுயுகம்' திட்டம் கிராமப்புற வளரிளம் பெண்ணுக்கு ஆண்டுக்கு 18 பாக்கெட் தருவதாகச் சொன்னது, பாக்கெட்டுக்கு 6. பிரசவமான தாய்மார்களையும் சிறையிலுள்ள பெண்களையும் அதில் சேர்த்தது அன்றைக்குப் பெரிய விஷயம், அதை மறுக்கக்கூடாது. ஆனால் பெருக்கி வகுத்தால் மாதம் 9 பேடு. ஐந்து நாளைக்கு நாளொன்றுக்கு இரண்டுகூட வராது. உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் நாடு முழுவதற்கும் ஒரே கொள்கை வகுக்கச் சொன்னபோதும் பேச்சு பள்ளி மாணவிகளைப் பற்றியே இருந்தது. நம்மை ஆண்ட பிரான்சும் விலக்கில்லை: துவைத்துப் பயன்படுத்தும் பேடுகளின் செலவைத் திருப்பித் தருவதாக 2023 மார்ச்சில் அங்கே அறிவித்தபோது வயது வரம்பு 25. தேவைப்படும் எவருக்கும் இலவசம் என்று வயதே பார்க்காமல் சட்டம் போட்டது ஸ்காட்லாந்து. 2022 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது.

சரி, மருந்து எது? வரி விலக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2017 ஜூலையில் வந்த 12 சதவீத ஜி.எஸ்.டி. ஓராண்டில் நீங்கியது. ஆனால் மூலப்பொருளுக்குக் கட்டிய வரியைத் தயாரிப்பாளர் திரும்பப் பெறும் வழியும் அதோடு அடைபட்டதால், 12 சதவீதமும் விலையில் இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களில் விற்கும் 'சுவிதா' நாப்கின் உண்மையான வலு உள்ளது. 2019 ஆகஸ்டு முதல் ஒன்று ஒரு ரூபாய். மேலே சொன்ன வீட்டுக்கு 480 ரூபாய் 60 ஆகிறது. ஆனால் அந்தக் கடை இருக்கும் தெரு வரை போக வேண்டும், போன அன்று சரக்கும் இருக்க வேண்டும். 'ஆக்ஸோ' முறையில் மக்கிவிடும் என்று சொல்லி இதை விற்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் துகளாக்கும் அந்த 'ஆக்ஸோ' வகைப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் தடை செய்துவிட்டது. நம் குப்பை போய்ச் சேரும் குரும்பாபேட்டில் அதன் பலன் என்னவென்று யாராவது கிளறிப் பார்த்தால் நல்லது.

அடுத்தது துணிப் பேடு. ஆரோவில்லின் 'ஈகோ ஃபெம்' 2010 முதல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு தைக்கிறது. வெளிநாட்டில் ஒருவர் ஒன்று வாங்கினால் இங்கே ஒரு மாணவிக்கு ஒன்று இலவசம். மாதாமாதம் செலவில்லை, குப்பையில்லை, தைப்பவருக்குக் கூலி. நேர்மையான முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. இடிப்பது வேறு இடத்தில். அதை அலசத் தண்ணீர் வேண்டும், வெயிலில் கூச்சமில்லாமல் காயப்போட இடம் வேண்டும். வைத்திக்குப்பத்தின் ஒண்டுக் குடித்தனத்தில், ஐப்பசி மழையில், நான்கு குடும்பத்துக்கு ஒரு குளியலறை என்றால் எங்கே காயப்போடுவது? வசதியுள்ளவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும்போது அது சிறந்த பொருள். ஏழைக்கு அதை உபதேசமாகச் சொன்னால் இன்னொரு வேலைச்சுமை. கப்புக்கும் இதே பதில்.

கடைசியாகப் பணம். 2023 ஜனவரியிலிருந்து வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள, வேறு உதவித்தொகை பெறாத, 21 முதல் 55 வயது வரையுள்ள குடும்பத் தலைவிகளுக்குப் புதுவை அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பெரும்பாலும் ஆய்வு விட்டுவிட்ட அதே பெண்கள். இதில் பேடு வாங்கிக்கொள்ளட்டுமே என்பது வலுவான வாதம்; பெண்ணின் கையில் காசு கொடுத்து முடிவை அவரிடமே விடுவது மரியாதையும்கூட. ஆனால் 480 போனால், தொடக்கத்தில் கொடுத்த அந்த ஆயிரத்தில் பாதி காலி. கேஸ், பள்ளி நோட்டு, வட்டி என்று வரிசை நிற்கும்போது தாய் தன் பேடைத்தான் முதலில் வெட்டுவார். பொருளுக்குப் பதில் பணம் என்ற வழக்கை நாம் அரிசியிலேயே பார்த்துவிட்டோம். அரிசியா பணமா என்ற துணைநிலை ஆளுநர்-அமைச்சரவை இழுபறியில் ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்து, 2024 அக்டோபரில்தான் திரும்பத் திறந்தன. மதுபானம் மலிவு என்று பக்கத்து மாவட்டமெல்லாம் வண்டி கட்டி வரும் ஊரில், வீட்டுக்குள் வரும் ரொக்கத்துக்கு வேறு பங்காளிகளும் உண்டு.

ஆகவே என் தீர்ப்பு: 99 என்பது இளம்பெண்களிடம் நாப்கின் போய்ச் சேர்ந்ததற்கான சான்று, அதற்கு மேல் எதற்கும் செல்லாது. மாற்று வழிகளில், பொருளாகவே கொடுக்கும் ரேஷன் கடைக்குத்தான் என் ஓட்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கான சிவப்பு ரேஷன் அட்டையிலுள்ள, மாதவிடாய் நிற்காத ஒவ்வொரு பெண்ணுக்கும், அவர் மாணவியோ மீன்காரரோ, மாதம் 20 என்ற அளவில் அரிசிப் பையோடு கொடுத்துவிடலாம். குடும்பத் தலைவிக்கான உதவித்தொகையில் கை வைக்கக்கூடாது.

ரேஷன் கடை வரிசையில் பேடு வாங்கக் கூச்சப்படுவார்கள் என்பது பெரிய தடையல்ல. வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். எனக்குள்ள ஒரே பயம் டெண்டர். குறைந்த விலைக்காரர் தரும் பேடு ஒட்டாமல் நகர்ந்தால், இரண்டு மணி நேரத்தில் கசிந்தால், மூன்றாம் மாதம் யாரும் தொடமாட்டார்கள். 'மக்களுக்கே ஆர்வமில்லை' என்று கோப்பும் மூடப்படும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுமுன், நாள் முழுக்க நின்றே வேலை செய்யும் துணிக்கடைப் பெண்கள் சிலரும் துப்புரவுப் பணியாளர்கள் சிலரும் ஒரு சுழற்சி வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். அவர்கள் வேண்டாம் என்றால் கம்பெனி வேறு சரக்கோடு வரட்டும்.