வெடியோசையைத் தணிக்கும் குழாய்

ஜொகூர் செம்பனைத் தோட்டங்களில் காட்டுப்பன்றிகள் இளங்கன்றுகளைத் தின்று அழிக்கும். உரிமம் பெற்றவர் துப்பாக்கியால் சுட்டால் ஓசை 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடியில் செவி கெடலாம்.

இந்த ஓசையைத் தணிக்க, 1909-இல் அமெரிக்கர் ஹைரம் பெர்சி மேக்சிம் காப்புரிமை பெற்ற சைலன்சர் அழகான வேலைப்பாடு. குழாய்க்குள் அடுக்கடுக்காய்த் தடுப்புகள். சீறிவரும் சூடான வாயு அவற்றில் சுழன்று, விரிந்து, ஆறி, நிதானமாக வெளியேறும். சினிமாவில் கேட்கும் 'புஸ்' வெறும் கற்பனை. குறைவது சுமார் 20 முதல் 35 டெசிபல்தான், ஆனால் செவிக்கு அது பெரும் காவல். பின்னுதைப்பும் தணியும். நார்வே, பின்லாந்து வேட்டைக்காரர்கள் விரும்பி மாட்டுவது இதற்காகத்தான்.

மலேசியாவின் 1960 ஆயுதச் சட்டம் கடுமையானது; துப்பாக்கி சைலன்சரை இங்கு எளிதில் பார்க்க முடியாது. ஆனால் வாயுவை விரியவிட்டு ஓசையைக் குறைக்கும் அதே உத்திதான், காலையில் ஜொகூர் பாரு கடற்பாலத்தில் சிங்கப்பூருக்கு நெருக்கியடித்துப் போகும் மோட்டார் சைக்கிள்களின் சைலன்சரிலும் வேலை செய்கிறது.